லே-ஆஃபுக்குப் பிறகு காலேஜ் எய்ட் அப்பீல்: 2024 வருமானத்தை வைத்து 2026-இல் கணக்குப் போட்டால் என்ன செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் கணவருக்கும் கிரீன் கார்டு, மகள் இங்கேயே பிறந்தவள், அடுத்து ஒரு மகன். கணவரின் சம்பளம் ஆண்டுக்கு 1,45,000 டாலர், உங்களுடைய பகுதிநேர வேலையில் 30,000. பிப்ரவரி கடைசியில் கணவருக்கு லே-ஆஃப் (ஆள்குறைப்பில் வேலை போனது), எட்டு வாரச் செவரன்ஸ் (வேலை நீக்கத்துக்காகக் கம்பெனி தரும் தொகை). மகளுக்கு ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்திலும் ஒரு தனியார் கல்லூரியிலும் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் வந்த இரண்டு எய்ட் லெட்டரிலும் (கல்லூரியின் நிதியுதவி அறிவிப்பு) கடன் மட்டும்தான். "அப்பீல் போடலாமாமே, போட்டால் கிடைக்குமா, என்ன எழுதுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் இப்போதைய வருமானத்தைக் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்ளுமா என்பது ஒன்று. எடுத்துக்கொண்டால் அது பணமாக வருமா என்பது இன்னொன்று. வேலை போனதற்குக் காகிதம் சரியாக இருந்தால் முதலாவது பெரும்பாலும் நடக்கும். இரண்டாவது அந்தக் கல்லூரியின் கஜானாவைப் பொறுத்தது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் "அப்பீல் ஜெயித்தது, ஒரு பைசா வரவில்லை" என்று நிற்பார்கள்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். 2026–27 கல்வியாண்டுக்கான ஃபாஃப்சா (மத்திய அரசின் மாணவர் உதவி விண்ணப்பம்) 2024-ஆம் ஆண்டின் வரிக் கணக்கை எடுத்துக்கொள்கிறது. அந்த விவரம் நேரடியாக ஐஆர்எஸ் என்ற வரித்துறையிலிருந்து வந்து உட்காருகிறது, உங்களால் தொட முடியாது. ஆகவே ஃபாஃப்சாவின் கண்ணில் நீங்கள் இன்னமும் 1,75,000 டாலர் சம்பாதிக்கும் குடும்பம். இதிலிருந்து எஸ்ஏஐ என்ற எண், அதாவது குடும்பத்தால் எவ்வளவு தாங்க முடியும் என்ற மதிப்பீடு, வருகிறது. 2024–25-க்கு முன்பு இஎஃப்சி என்று இருந்ததன் இடத்தில் வந்ததுதான் இது. நான்கு பேர் கொண்ட, இந்த வருமானமுள்ள குடும்பத்துக்கு, சேமிப்பை விட்டுவிட்டுப் பார்த்தாலே இந்த எண் சுமார் 30 முதல் 35 ஆயிரம் வரை வரும். ஃபாஃப்சா படிவத்தில் "வேலை போய்விட்டது" என்று எழுத இடமே கிடையாது. எண்ணை மாற்றும் அதிகாரம் கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீசுக்குத்தான் இருக்கிறது. உயர்கல்விச் சட்டத்தின் 479ஏ பிரிவு தரும் அந்த அதிகாரத்துக்கு 'புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்' என்று பெயர். வேலை இழப்பு, காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவு, வீடிழப்பு, குழந்தைப் பராமரிப்புச் செலவு, கடுமையான ஊனம், குடும்ப வருமானத்திலோ சொத்திலோ உறுப்பினர் எண்ணிக்கையிலோ வரும் மாற்றம் எல்லாம் இதற்குள் அடங்கும்.

இந்தச் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான மூன்று விஷயங்கள் உறுதியானவை. எந்தக் கல்லூரியும் "நாங்கள் யாருடைய கோரிக்கையையும் ஏற்பதில்லை" என்று கொள்கை வைத்துக்கொள்ள முடியாது. இப்படிக் கேட்கலாம் என்பதை அது மாணவர்களுக்கு வெளிப்படையாகத் தெரிவித்தாக வேண்டும். இதற்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. (காசு வாங்கிக்கொண்டு அப்பீல் எழுதித் தருகிறோம் என்று வருபவர்கள் வேறு. அவர்களுக்கும் கல்லூரிக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் செய்வதை நீங்களே ஒரு சனிக்கிழமையில் செய்துவிடலாம்.) பாதகமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. எய்ட் ஆபீசின் முடிவே இறுதி. அதற்கு மேல் மத்திய கல்வித்துறையிடம் போய் முறையிட முடியாது.

அந்த அதிகாரி என்ன செய்ய முடியும் என்று தெரிந்தால், என்ன எழுத வேண்டும் என்பது தானாகத் தெளிவாகும். அவரால் எஸ்ஏஐ சூத்திரத்தை மாற்ற முடியாது. 34,000 என்பதை அடித்துவிட்டு 5,000 என்று போடவும் முடியாது. சூத்திரத்துக்குள் போகும் எண்களைத்தான் மாற்றலாம்: ஏஜிஐ (வரிப் படிவத்தில் வரும் சரிசெய்த மொத்த வருமானம்), சம்பளம், கட்டிய வரி, சொத்து, அல்லது கல்லூரிச் செலவு மதிப்பீடு. எந்த எண்ணை, எவ்வளவாக, எந்த ஆதாரத்தின் பேரில் மாற்றினோம் என்று கோப்பில் எழுதியும் வைக்க வேண்டும், ஏனென்றால் தணிக்கை வரும். ஆகவே உங்கள் கடிதம் அவருக்கு வேலை வைக்காமல், மாற்ற வேண்டிய எண்ணையும் ஆதாரத்தையும் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். கஷ்டத்தை உருக்கமாக மூன்று பக்கம் எழுதினால் அவர் படிப்பார், வருந்துவார், பிறகு "பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) எங்கே?" என்று பதில் அனுப்புவார். அதற்குள் பத்து நாள் போய்விடும்.

இனி உங்கள் கணக்கு. 2026 ஜனவரி, பிப்ரவரி சம்பளம் சுமார் 24,170. எட்டு வாரச் செவரன்ஸ் சுமார் 22,300. கலிஃபோர்னியாவில் வேலையின்மைப் படியின் உச்சவரம்பு வாரம் 450 டாலர், அதிகபட்சம் 26 வாரம், ஆக 11,700. உங்கள் சம்பளம் 30,000. கூட்டினால் 2026 காலண்டர் ஆண்டுக்கு ஏறக்குறைய 88,170. இதே குடும்பத்தை ஜூலை 2026 முதல் ஜூன் 2027 வரை என்று பாருங்கள். சம்பளம் இல்லை, செவரன்ஸ் ஏற்கெனவே வந்து முடிந்துவிட்டது. முதல் வாரம் காத்திருப்பு வாரம் என்பதால், மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து படி வருகிறது என்று வைத்தால் ஜூலைக்குப் பிறகு மிச்சம் இருப்பது பத்து வாரம் போல, அதாவது 4,500. உங்கள் 30,000-ஐச் சேர்த்தால் 34,500. குடும்பமும் வேலை இழப்பும் ஒன்றுதான், ஆண்டை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதில் மட்டும் 50 ஆயிரம் டாலருக்கு மேல் வித்தியாசம். சில கல்லூரிகள் காலண்டர் ஆண்டை எடுக்கும், சில கல்வியாண்டை, இன்னும் சில வேலை போன நாளிலிருந்து 12 மாதத்தை. சட்டம் இதில் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே படிவத்தை நிரப்பும் முன் எய்ட் ஆபீசைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த 12 மாதத்துக்கான வருமானத்தைக் கணக்கிடுகிறீர்கள்?" என்பதுதான். படிவம் காலண்டர் ஆண்டைக் கேட்டாலும், கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: இந்த 88,170-இல் 46 ஆயிரத்துக்கு மேல் ஏப்ரல் மாத முடிவுக்குள் வந்து நின்றுவிடும் பணம், மகள் படிக்கும் மாதங்களில் வீட்டுக்கு வருவது இவ்வளவுதான் என்று.

இந்த எண்கள் எதில் போய் முடியும்? 88 ஆயிரத்தை ஏற்றால் எஸ்ஏஐ தோராயமாக 6 ஆயிரம் அளவுக்கு இறங்கலாம். சேமிப்பு இருந்தால் அதற்கேற்பக் கூடும். பெல் கிராண்ட் என்ற, திருப்பித் தர வேண்டாத மத்திய உதவியின் உச்சத் தொகை 7,395 டாலர். எஸ்ஏஐ-யை அதிலிருந்து கழித்தால் வருவதுதான் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் பெல், ஆகவே அப்போது ஆயிரத்துச் சொச்சம் வரலாம். 34,500-ஐ ஏற்றால் நால்வர் குடும்பத்துக்கு முழு 7,395-ம் கிடைக்கக்கூடும். ஸ்டூடன்ட்எய்ட் அரசுத் தளத்தில் எஸ்டிமேட்டர் இருக்கிறது. இரண்டு வருமானத்தையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள், உங்கள் சேமிப்பையும் சேர்த்து. 2026–27 முதல் எஸ்ஏஐ 14,790-ஐத் தொட்டாலே, அதாவது பெல் உச்சத்தின் இரு மடங்கானால், பெல் எந்த வழியிலும் கிடையாது என்ற புதிய விதியும் வந்திருக்கிறது.

பெல் தவிர்த்த பணம்தான் பெரிய பணம், அங்கேதான் இரு கல்லூரிகளும் பிரிகின்றன. தனியார் கல்லூரி "முழுத் தேவையையும் நிறைவு செய்கிறோம்" என்று சொல்லும் வகையாக இருந்தால், எஸ்ஏஐ போன்ற அவர்களது சொந்த எண் 25 ஆயிரம் குறைந்தால் கிராண்ட் ஏறக்குறைய அவ்வளவு கூடலாம். அப்படி உறுதி தராத கல்லூரியில் எண் இறங்கும், தேவை ஏறும், ஆனால் இடைவெளியைக் கடனாலும் வொர்க்-ஸ்டடியாலும் (படித்துக்கொண்டே செய்யும் பகுதிநேர வேலை) நிரப்பிவிட்டு, மீதியைத் திறந்தே விட்டுவிடுவார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் மத்திய, மாநில கிராண்ட்களின் விதிகள் பெரும்பாலும் வரையறுக்கப்பட்டவை, அதிகாரியின் கையில் இருக்கும் சொந்த நிதி குறைவு. ஆகவே ஃபோனில் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: "எஸ்ஏஐ குறைந்தால், உங்கள் சொந்த கிராண்ட் மறுபடி கணக்கிடப்படுமா, அல்லது பெல்லும் கடனும் மட்டுமா?" இதற்கு அவர்கள் நேராகப் பதில் சொல்வார்கள். கூச்சப்பட வேண்டாம்.

தனியார் கல்லூரி சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற தனி விண்ணப்பத்தைக் கேட்டிருந்தால் இன்னொரு படி இருக்கிறது. ஃபாஃப்சாவை மாற்றினால் புரொஃபைல் கணக்கு தானாக மாறாது. அது கல்லூரியின் சொந்த முறை. உங்கள் வீட்டின் மதிப்பைக் கூட அதில் சில கல்லூரிகள் பார்க்கும், ஃபாஃப்சா நீங்கள் குடியிருக்கும் வீட்டைப் பார்க்காது. அப்பீலில் இரண்டையும் மறுகணக்கிடும்படி கேளுங்கள். மகன் சில ஆண்டில் கல்லூரிக்குப் போகும்போதும் புரொஃபைல் உதவலாம். ஃபாஃப்சா சூத்திரம் 2024–25 முதல் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுப்பதில்லை, புரொஃபைல் கல்லூரிகள் பல இன்னமும் அதைக் கருத்தில் கொள்கின்றன.

காகிதங்களுக்கு வருவோம். வேலை நீக்கக் கடிதம், கம்பெனி லெட்டர்ஹெட்டில், கடைசி வேலை நாள் தெரியும்படி. செவரன்ஸ் ஒப்பந்தத்தில் தொகையும் தேதியும் இருக்கும் பக்கம். கணவரின் கடைசிப் பே ஸ்டப், அதில் 'இயர் டு டேட்' கட்டம் தெரிய வேண்டும், இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். வேலையை விட்டதும் கம்பெனியின் பேரோல் தளத்தில் நுழைய முடியாமல் போய்விடும், ஆகவே இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஹெச்ஆருக்கு மின்னஞ்சல். வேலையின்மைப் படி தரும் கலிஃபோர்னியா அரசுத் துறையான இடிடி-யின் கடிதம், வாரத்தொகையும் உச்சத்தொகையும் உள்ளது. வேலை இழப்புக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடையாது. படி இன்னும் வராவிட்டாலும், விண்ணப்பித்ததற்கான கடிதமே போதும் என்று பல அலுவலகங்கள் ஏற்கும். உங்களுடைய சமீபத்திய இரண்டு பே ஸ்டப். 2024, 2025 ஆண்டுகளின் 1040 (வரிப் படிவம்), டபிள்யூ-2 (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று). எல்லாப் பக்கங்களும் ஒரே பிடிஎஃபில், பெயர் வைத்து. ஃபோனில் எடுத்த சாய்ந்த படங்கள் வேண்டாம். சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கடைசி நாலு இலக்கம் தவிர மறைத்துவிட்டு, கல்லூரியின் போர்ட்டல் வழியாக மட்டும் ஏற்றுங்கள். அதையும் மகளின் கணக்கில் இருந்து. கோப்பு மாணவியின் பெயரில்தான் இருக்கிறது, தாய் தந்தை அழைத்தால் பல அலுவலகங்கள் பொதுவான பதிலோடு நிறுத்திக்கொள்ளும்.

இதற்கெல்லாம் முன்னால் போர்ட்டலில் 'வெரிஃபிகேஷன்' என்று ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாஃப்சாவைச் சரிபார்ப்புக்கு எடுத்திருந்தால், அது முடியாமல் அதிகாரி உங்கள் அப்பீலைத் தொடவே கூடாது, அது விதி. வாரக்கணக்கில் பதில் வராமல் கிடக்கும் அப்பீல்களில் பல இந்த ஒரு காகிதத்துக்காகக் கிடப்பவை.

இன்னொரு பொறி. ஃபாஃப்சாவில் 'அன்யூஷுவல் சர்க்கம்ஸ்டன்சஸ்' என்று ஒரு கேள்வி வரும். நமக்கு வந்திருப்பது அசாதாரணச் சூழ்நிலைதானே என்று ஆமாம் போட்டுவிடாதீர்கள். அது பெற்றோரைத் தொடர்பு கொள்ள முடியாத, அல்லது தொடர்பு கொண்டால் ஆபத்து என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கானது. போட்டால் மகளைத் தற்காலிகமாகச் சுதந்திர மாணவியாகக் கருதி, பெற்றோர் விவரமே இல்லாத படிவம் போய்ச் சேரும், அதைத் திருப்பி எடுக்கத் தனிப்பாடு. உங்களுடையது 'ஸ்பெஷல் சர்க்கம்ஸ்டன்சஸ்'. அது ஃபாஃப்சாவில் இல்லை, கல்லூரியின் தளத்தில் இருக்கும். சில இடங்களில் 'சேஞ்ச் ஆஃப் இன்கம்', சில இடங்களில் 'ரீகன்சிடரேஷன்' என்ற பெயரில் இருக்கும்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். முதல் பத்தியில் மகளின் பெயர், மாணவர் எண், கல்வியாண்டு, எதற்காக எழுதுகிறோம் என்பது. இரண்டாவதில் என்ன மாறியது, எந்தத் தேதியில். மூன்றாவதில் எண்கள்: 2024-இல் ஏஜிஐ இவ்வளவு, வரும் 12 மாதத்தில் இவ்வளவு, அது எப்படி வந்தது என்று வரி வரியாக. நான்காவதில் இணைத்த காகிதங்களின் பட்டியல். கடைசியாகக் கோரிக்கை: "இந்த எதிர்பார்க்கும் வருமானத்தை வைத்து எஸ்ஏஐ-யை மறுகணக்கிட்டு, மத்திய, மாநில, கல்லூரி உதவிகள் அனைத்துக்கும் பரிசீலிக்க வேண்டுகிறோம்." நன்றி சொல்லி முடியுங்கள். "உங்கள் கல்லூரிதான் அவள் கனவு" என்பதை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். கணவர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், ஆனால் "இரண்டு மாதத்தில் கிடைத்துவிடும்" என்று நம்பிக்கையாக எழுதிவிடாதீர்கள். அதிகாரி அதையே பிடித்துக்கொண்டு, "இரண்டு மாதம் கழித்து வாருங்கள்" என்பார். சில கல்லூரிகள் வேலை போய் 90 நாள் ஆன பிறகுதான் விண்ணப்பத்தை எடுக்கும். உங்கள் கல்லூரி அப்படியென்றால் தேதியைக் குறித்துக்கொண்டு, காகிதத்தைத் தயாராக வைத்திருங்கள்.

ஆர்எஸ்யு-வையும் (சம்பளத்தோடு கம்பெனி தரும் பங்குகள்) பாருங்கள். நம் குடும்பங்களில் இது அடிக்கடி வரும். 2024-இல் பங்குகள் கைக்கு வந்து டபிள்யூ-2-வில் ஏறியிருக்கலாம், அல்லது வீட்டுக்காகப் பங்கு விற்றிருக்கலாம், ராத் கன்வர்ஷன் (ஓய்வூதியப் பணத்தை வரி கட்டி ராத் கணக்குக்கு மாற்றுவது) செய்திருக்கலாம், 401கே (கம்பெனி வழியான ஓய்வூதியச் சேமிப்பு) கணக்கிலிருந்து எடுத்திருக்கலாம். இவை ஒருமுறை வந்து போன வருமானம் என்று தனிக் காரணமாகவே வாதிடலாம். பணம் எங்கே போனது என்பதற்கு ரசீது கேட்பார்கள். இப்போது செலவுக்காக 401கே-யில் கை வைக்கும் எண்ணம் இருந்தால் பொறுங்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரியோடு 10 சதவீத அபராதம். படிப்புச் செலவுக்கு அபராத விலக்கு ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வூதியக் கணக்குக்கு உண்டு, 401கே-வுக்குக் கிடையாது. எடுத்த தொகை பின்னால் ஒரு ஃபாஃப்சாவில் வருமானமாகவும் வந்து நிற்கும்.

சேமிப்பைப் பற்றி ஒளிக்காமல் பேசிவிட வேண்டும். ஃபாஃப்சாவில் சொத்து விவரம் நிரப்பிய நாளின் கணக்கு. வங்கி, புரோக்கரேஜ் (பங்கு முதலீடு), 529 (கல்விச் சேமிப்பு) கணக்குகள் எல்லாம் வரும். ஓய்வூதியக் கணக்குகள் வராது. சென்னையில் வாங்கிப் போட்ட ஃபிளாட், ஊரில் இருக்கும் மனை ஆகியவையும் உங்கள் பெயரில் இருந்தால் கடன் போக நிகர மதிப்பில் வரும். இந்தியாவில் இருப்பதால் விலக்கு இல்லை. அப்பீலில் புரோக்கரேஜ் ஸ்டேட்மென்ட் கேட்கப்பட்டால் முழுதாகக் கொடுங்கள். ஒன்றரை லட்சம் டாலர் சும்மா இருக்கும் குடும்பத்துக்குச் சட்டம் மறுப்பு சொல்லச் சொல்லவில்லை, ஆனால் அதிகாரி மனிதர்தான். புரொஃபைல் கல்லூரியில் அது வருமான இழப்பின் பலனைப் பாதி தின்றுவிடலாம். ஃபாஃப்சாவில் தெரிந்தே தவறான தகவல் தந்தால் 20,000 டாலர் வரை அபராதம், சிறை என்பது படிவத்திலேயே இருக்கும் எச்சரிக்கை.

எதைக் காட்டினால் எடுபடாது என்பதும் தெரிந்திருக்கட்டும். கிரெடிட் கார்டு கடன், மின்சாரக் கட்டணம், விடுமுறைப் பயணம், மதக் காணிக்கை போன்றவற்றை வழக்கமாகத் திரும்பத் திரும்ப வரும் செலவு என்றே கல்வித்துறையின் வழிகாட்டி சொல்கிறது. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் நமக்குக் கடமை. ஆனால் அவர்கள் உங்களோடு வசிக்காததால் குடும்ப எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். அவர்களுடைய மருத்துவமனைச் செலவை நீங்களே கட்டியிருந்தால், மருத்துவமனை பில்லும் உங்கள் கணக்கிலிருந்து பணம் போனதற்கான சான்றும் இருந்தால், கேட்டுப் பார்க்கலாம். முடிவு முழுக்க அதிகாரியின் விருப்பம். இதை முதன்மைக் காரணமாக வைக்காமல், வேலை இழப்புக்குப் பின்னால் ஒரு வரியாக வையுங்கள். அமெரிக்காவில் உங்களுக்கே மருத்துவச் செலவு இருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் இஓபி-யும் (அது எவ்வளவு ஏற்றது என்ற விளக்கத் தாள்) பணம் கட்டிய ரசீதும் இரண்டுமே தேவை. பில் மட்டும் போதாது, ஏனென்றால் பில் வந்தது செலவானதற்குச் சான்றில்லை.

தேதிதான் இப்போது உங்களை நெருக்கும். பெரும்பாலான கல்லூரிகளில் மே 1 டெபாசிட் நாள். அப்பீலுக்குப் பதில் வர இரண்டு வாரமும் ஆகும், ஆறு வாரமும் ஆகும், கோடையில் இன்னும் இழுக்கும். ஆகவே அப்பீல் போட்ட அன்றே அட்மிஷன் ஆபீசுக்குத் தனியாக எழுதி, எய்ட் முடிவு வரும் வரை டெபாசிட் தேதியை நீட்டிக்கச் சொல்லுங்கள். தருகிறார்களோ இல்லையோ, எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டு கல்லூரிக்கும் தனித்தனி அப்பீல் போட வேண்டும். ஒரு கல்லூரி ஏற்றது இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது. ஒரு கல்லூரியின் ஆஃபரைக் காட்டி இன்னொன்றிடம் கூட்டிக் கேட்பது வேறு வேலை. சில தனியார் கல்லூரிகள் அதற்குச் செவி சாய்க்கும், மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதற்கு அநேகமாக இடமில்லை. அதை வேலை இழப்புக் கடிதத்துக்குள் கலந்தால் கடிதம் பேரம் போல ஒலிக்கும்.

மறுப்பு வந்தால், எந்தக் காரணத்துக்காக என்று கேளுங்கள். காகிதம் குறைவு என்றால் அதைக் கொடுத்து மறுபடி போடலாம். "எஸ்ஏஐ மாறியது, ஆனால் உங்கள் உதவித்தொகை மாறவில்லை" என்றால் அது கஜானா பிரச்சினை, இன்னொரு கடிதம் அதைத் தீர்க்காது. புதிய தகவல் இல்லாமல் அதே கடிதத்தைத் திருப்பி அனுப்புவதால் பயன் இல்லை. நடுவில் கணவருக்கு வேலை கிடைத்தால், குறைந்த சம்பளமானாலும், அன்றே தெரிவியுங்கள். 95,000 டாலர் வேலை கிடைத்தாலும் 1,45,000-ஐவிட அது குறைவுதான், அப்பீல் செத்துவிடாது, எண்தான் மாறும்.

பெரும்பாலோர் கவனிக்காத இன்னொன்று அடுத்த ஆண்டைப் பற்றியது. 2027–28 ஃபாஃப்சா 2025 வருமானத்தைப் பார்க்கும். அது முழுச் சம்பளம் வந்த ஆண்டு. ஆகவே இந்த ஆண்டு அப்பீல் வென்றாலும் அடுத்த ஆண்டு எய்ட் லெட்டர் பழையபடி கடனோடு வந்து நிற்கும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். கல்லூரிகள் தாமாக முந்தைய ஆண்டின் முடிவைத் தொடர்வதில்லை. 2026-இன் குறைந்த வருமானம் ஃபாஃப்சாவில் தானாகத் தெரிவது 2028–29-இல்தான். அப்போது கணவர் நல்ல வேலையில் இருக்கலாம், ஆனால் எண்ணோ தாழ்ந்தே வரும். அது உங்களுக்குச் சாதகமாக அமையலாம், ஆனால் அதே புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட் அதிகாரத்தால் கல்லூரி எண்ணை ஏற்றவும் முடியும். இப்போது சேகரிக்கும் காகிதங்களை ஒரு கோப்பில் அப்படியே வைத்திருங்கள்.

அப்பீல் முடிவு வந்த பிறகும் இடைவெளி இருந்தால் கடனுக்கு வர வேண்டியிருக்கும். மகளுக்கு முதலாண்டு மத்திய நேரடிக் கடன் 5,500 டாலர், அதில் வட்டிச் சலுகையுள்ளது அதிகபட்சம் 3,500. பெற்றோர் தங்கள் பெயரில் வாங்கும் மத்திய பிளஸ் கடனுக்கு ஜூலை 1, 2026 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்ற வரம்பு வந்திருக்கிறது. பிளஸ் விண்ணப்பம் கடன் வரலாற்றால் மறுக்கப்பட்டால் மகள் பெயரில் முதலாண்டு கூடுதலாக 4,000 கிடைக்கும், ஆக 9,500. வேலையில்லாத நேரத்தில் பிளஸ் வாங்குவதற்கு முன், கல்லூரியின் மாதத் தவணைத் திட்டத்தைக் கேளுங்கள், பெரும்பாலும் சிறு பதிவுக் கட்டணத்தோடு வட்டியில்லாமல் இருக்கும்.

இதே கேள்வியோடு இதைப் படிக்கும் ஹெச்-1பி குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. பிள்ளை இங்கே பிறந்திருந்தால் அவளுக்கு மத்திய உதவித் தகுதி உண்டு. ஃபாஃப்சா பெற்றோரின் குடியுரிமையைக் கேட்பதே இல்லை. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத தாயும் தனிக் கணக்குத் திறந்து கையெழுத்திடலாம். பிள்ளை ஹெச்-4-இல் (ஹெச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) இருந்தால் பெல்லோ மத்தியக் கடனோ கிடையாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பது மட்டும் தகுதி ஆகாது, கல்லூரியின் சொந்த நிதியைக் கேட்கலாம். வேலை போனபின் அமெரிக்காவில் தங்க 60 நாள் வரைதான் அவகாசம் என்ற கடிகாரம் ஓடுவதால், வேலையின்மைப் படிக்கு விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படிக் கடிதம் இல்லாவிட்டால் வேலை நீக்கக் கடிதமும் கடைசிப் பே ஸ்டப்பும் அந்த இடத்தை நிரப்பும். அதைக் கடிதத்திலேயே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள், இல்லையென்றால் "இடிடி கடிதம் இணைக்கவில்லை" என்று கோப்பு திரும்பி வரும்.